மூன்று பிள்ளைகள், நான்கு அம்மாக்கள்

பிப்ரவரி 24, செவ்வாய்

இன்றும் பாதித் தெருவிலிருந்து திரும்பி வந்து, கேஸை மூடினேனா என்று அடுப்பைப் பார்த்தேன். மூடித்தான் இருந்தது. எப்போதும் மூடித்தான் இருக்கிறது. மறுபடி படி இறங்கும்போது அக்கா எதிரே வந்தாள். "என்னடி, வீடு எரிஞ்சுதா?" என்றாள். இல்லை என்றேன். "ச்சே, இன்னிக்கும் ஏமாந்துட்டியே" என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டாள்.

இந்த வீட்டில் எனக்குப் பெயர் பயந்தாங்கொள்ளி. அக்காவின் இரட்டைப் பையன்கள் "பயந்தாங்கொள்ளி சித்தி" என்றுதான் கூப்பிடுகிறார்கள். சின்னவள் மட்டும் வெறும் சித்தி என்கிறாள். அவ்வளவு நீள வார்த்தை அவள் வாயில் இன்னும் நுழையவில்லை. அவளுக்குப் பூனை என்று பெயர் வைத்திருக்கிறோம். போட்ட இடத்தில் சுருண்டு தூங்கிவிடுவாள். துவைக்கப் போட்ட துணிக் கூடையில்கூட ஒருமுறை தூங்கியிருக்கிறாள்.

அத்தான் கப்பல் வேலைக்குப் போனதிலிருந்து நான் இங்கேதான். வேலைக்கும் போய் மூன்று பிள்ளைகளையும் பார்க்கும் அக்காவுக்குத் துணை என்று பேர். துணைக்கு வந்தவள்தான் பால்கனிக் கதவு பூட்டியிருக்கிறதா என்று எழுந்து எழுந்து பார்க்கிறேன்.

ஆபீசில் இன்னும் என்னை நிரந்தரம் செய்யவில்லை. அதுவரை வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். எனக்கே எழுதிக்கொள்கிறேன்: சும்மா இரு.

பிப்ரவரி 25, புதன்

அக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டாள்: "நீ அங்க என்னதான்டி பண்றே? யாராவது கேட்டா எனக்குச் சொல்லத் தெரியல."

சொன்னேன். பள்ளிக்கூட வேன்களுக்கு எங்கள் கம்பெனி ஒரு செயலி செய்கிறது. பிள்ளை ஏறும்போதும் இறங்கும்போதும் கழுத்தில் தொங்கும் கார்டைக் கதவோரம் இருக்கும் பெட்டியில் காட்டும். இறங்கியதும் வீட்டுக்குச் செய்தி போகும். பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவும் அதிலேயே ஆகிவிடும். எல்லாரும் இறங்கியதும் வேன் ஆயாவின் போனில் 'வண்டி காலி' என்று பச்சையாக வரும்; ஆயா கதவைப் பூட்டிவிட்டுப் போகலாம். இதெல்லாம் ஒழுங்காக நடக்கிறதா என்று சோதித்துப் பார்ப்பது என் வேலை.

நிஜப் பிள்ளைகளின் விவரத்தை வைத்துச் சோதிக்கக் கூடாது. அதனால் பொய்ப் பிள்ளைகள் வேண்டும். ஒவ்வொன்றாகக் கையால் எழுதிக்கொண்டிருக்க முடியாது. அதற்கென்றே ஒரு நிரல் இருக்கிறது, ஃபாக்டரி என்போம். ஒரு பிள்ளை வேண்டும் என்றால் பெயர், வகுப்பு, கார்டு எண்ணோடு ஒன்றைச் செய்து கொடுக்கும். பிள்ளை அந்தரத்தில் நிற்க முடியாதே, கூடவே ஓர் அம்மாவையும் செய்துவிடும்.

அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "பொய்ப் பிள்ளைங்கள பெத்துப் போடறதுக்கா உனக்குச் சம்பளம்? நான் நிஜமாவே மூணு பெத்துட்டு அல்லாடறேன், எனக்கு ஒருத்தன் காசு குடுக்கல!" கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்: "அது சரி, ஒரு பொய் அம்மாவுக்கு எத்தனை பொய்ப் பிள்ளை?"

"எத்தனை வேணும்னாலும்" என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, நான் எண்ணிப் பார்த்ததே இல்லை. நாளைக்குப் போனதும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பிப்ரவரி 26, வியாழன்

எண்ணிப் பார்த்தேன். ஒவ்வோர் அம்மாவுக்கும் ஒரே பிள்ளை. எண்ணூறு சோதனைகளிலும் அப்படித்தான். ஓர் அம்மாவுக்கு இரண்டு பிள்ளை என்று ஒரு வீடுகூட இல்லை.

ஃபாக்டரியை எழுதியவன் தாடி. பக்கத்து மேஜை. கெட்டிக்காரன்தான், ஆனால் அவன் எழுதியதைப் பற்றி யாராவது கேட்டால் தாடியைத் தடவ ஆரம்பித்துவிடுவான். "ஒண்ணுக்கு மேல வேணும்னா, ஒரு அம்மாவ நீயே செஞ்சு கையில வச்சுக்கோ. பிள்ளைங்களச் செய்யும்போது அவளைக் குடுத்துடு. அவ்ளோதான்" என்றான்.

அப்படியே செய்தேன். ஓர் அம்மா, மூன்று பிள்ளைகள். நம் வீடு மாதிரியே. இரண்டு பையன்கள் இறங்குகிறார்கள், சின்னவள் இறங்கவில்லை. வண்டி காலி என்று சொல்லக் கூடாது. சோதனை தேறினால் திரையில் பச்சை, தோற்றால் சிவப்பு. ஓட்டிவிட்டு விரல் இடுக்கு வழியாகத்தான் திரையைப் பார்த்தேன். பச்சை!

எங்கள் குழுத் தலைவரைத் தலை என்றுதான் எல்லாரும் சொல்வோம், அவர் காதுபடவே. தலை என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார். "எண்ணூறு பச்சை இருந்துச்சு. இப்ப எண்ணூத்தி ஒண்ணு. போதுமா? இனிமே நிம்மதியா தூங்குவியா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உண்மையாகவே நிம்மதியாகத்தான் இருந்தது.

பிப்ரவரி 27, வெள்ளி

பிள்ளைகளின் பள்ளிக்கூடத்திலேயே வெள்ளோட்டம் விடப் போகிறார்களாம். ஒரே ஒரு வேன், ஒரு வாரம். அது நம் பிள்ளைகள் போகிற வேன். பெற்றோர் சம்மதம் வேண்டும் என்று அக்காவுக்குச் செய்தி வந்திருந்தது.

"என்னடி சொல்றே? உங்க ஆபீஸ் சமாச்சாரம். ஓகே போடலாமா?"

"தாராளமா போடு" என்றேன்.

அக்கா என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். நான் ஒரு விஷயத்துக்குத் தாராளமாக என்று சொன்னதை அவள் கேட்டதே இல்லை போலிருக்கிறது.

மார்ச் 2, திங்கள்

வெள்ளோட்டம் தொடங்கியது. காலையில் அக்காவின் போன் ஒருமுறை ஒலித்தது. 'உங்கள் பிள்ளை பள்ளியில் இறங்கினார்.' அக்காவுக்குப் பெருமை. எதிர்வீட்டில் போய்க் காட்டிவிட்டு வந்தாள்.

ஒருமுறை ஏன்? மூன்று பேர் இறங்கினால் மூன்று முறை அல்லவா வர வேண்டும்?

தலையிடம் கேட்டேன். "வீட்டுக்கு ஒரு மெசேஜ் போதும்னு பண்ணியிருப்பாங்க. மூணு தடவை அடிச்சா சனங்க எரிச்சல்படுவாங்க" என்றார். பண்ணியிருப்பாங்க. யார்? நாம்தானே?

கேட்கவில்லை. சும்மா இரு என்று எழுதி வைத்திருக்கிறேனே.

மார்ச் 3, செவ்வாய்

மறுபடி ஒரே ஒரு செய்தி. அடுப்பை மூன்று முறை பார்த்தேன்.

மார்ச் 4, புதன்

பூனை சாயங்காலம் வந்ததும், "இன்னிக்கு நான் வேன்ல கனவு கண்டேன்" என்றாள். என்ன கனவு என்றதற்கு மறந்துவிட்டதாம். பையன்கள் இருவரும் ஒரு பேனாவுக்காக அடித்துக்கொண்டதில் அந்தப் பேச்சு அத்தோடு போயிற்று.

திங்கள் முதல் நாற்பது வேன்கள் என்று தலை அறிவித்தார். இனிப்பு வாங்கி வந்திருந்தார்.

மார்ச் 5, வியாழன்

எழுத்து கோணலாகப் போகிறது, போகட்டும்.

காலையில் வேறு ஏதோ வேலை. டெஸ்ட் ஓடிமுடிந்ததும் மிச்சம் கிடக்கும் பொய்ப் பதிவுகளைத் துடைக்க வேண்டும், அவ்வளவுதான். என்னுடைய அந்தச் சோதனையை ஓட்டிவிட்டுத் துடைக்கும் முன் எத்தனை இருக்கிறது என்று பார்த்தேன். பிள்ளைகள் மூன்று. சரி. அம்மாக்கள் நான்கு.

நான்கா?

மறுபடி ஓட்டினேன். நான்கு. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். நான் செய்து கொடுத்த அம்மாவுக்குப் பிள்ளையே இல்லை. மற்ற மூன்று பேருக்கும் ஆளுக்கு ஒன்று. நான் கையில் கொடுத்தவளை வாங்கி ஓரமாக உட்கார வைத்துவிட்டு, ஃபாக்டரி அதன் பாட்டுக்கு ஒவ்வொரு பிள்ளைக்கும் புதிதாக ஒருத்தியைச் செய்திருக்கிறது. பிள்ளை என்றாலே கூட ஓர் அம்மா. அதுதான் அதன் பழக்கம்.

அப்படியானால் என் பச்சைக்கு என்ன அர்த்தம்? மூன்று வீட்டுப் பிள்ளைகள். இரண்டு வீடு இறங்கியது, மூன்றாவது வீடு இறங்கவில்லை. வண்டி காலியில்லை என்று சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. ஒரே வீட்டில் மூன்று பேர் என்றால் என்ன செய்யும் என்று இதுவரை யாருமே அதைக் கேட்கவில்லை. நான் கேட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

உண்மையான நிரலைத் திறந்தேன். வீட்டுக்கு ஒரு வரி. கார்டு பட்டதும் அந்த வரியில் இறங்கியாச்சு என்று குறித்துவிடுகிறது. எந்தப் பிள்ளையின் கார்டு என்று அதற்குக் கவலை இல்லை. முதல் பையன் இறங்கினாலே வீடு முடிந்தது. எல்லா வீடும் முடிந்தால் வண்டி காலி.

நம் பிள்ளைகள் கடைசி சீட்டில்தான் உட்காருவார்கள். கடைசியாகத்தான் இறங்குவார்கள்.

வேன் போய்ச் சேர்ந்து எவ்வளவோ நேரம் ஆகியிருந்தது. வெளியே வெயில் கொளுத்துகிறது. பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டேன். ஆபீஸ் அம்மாள் எடுத்தார்.

"சின்ன வகுப்புல எங்க பாப்பா வந்திருக்காளான்னு பாத்துச் சொல்றீங்களா?"

"வந்தாச்சுன்னு காட்டுதும்மா."

"எதுல காட்டுது?"

"உங்க சிஸ்டத்துலதான்."

"அதப் பாக்காதீங்க. வகுப்புல போய்க் கண்ணால பாத்துச் சொல்லுங்க, தயவுசெஞ்சு."

"பரீட்சை நடக்குது, எல்லாரும் மேற்பார்வைக்குப் போயிருக்காங்க. பச்சையாத்தானே இருக்கு, ஏம்மா பயப்படறீங்க?"

பச்சையா இருக்கு. பச்சையா இருக்குன்னுதானே பயப்படறேன்!

பையைக்கூட எடுக்கவில்லை. ஓடினேன். எப்படி டாக்சி பிடித்தேன், என்ன சொல்லி ஏறினேன், எதுவும் நினைவில்லை. ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் வேகமாக ஓட்டினார்.

வேன்கள் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் வரிசையாக நின்றன. மரமில்லை, கூரையில்லை. நம் வேனைக் கண்டுபிடித்துக் கடைசிக் கண்ணாடியில் முகத்தை வைத்தேன். கண்ணாடி சுட்டது. கடைசி சீட்டில் நீலமாக ஏதோ சுருண்டு கிடந்தது. பூனையின் சட்டை என்ன நிறம்? இன்று காலை என்ன நிறம்? நான்தானே பொத்தான் போட்டுவிட்டேன், ஏன் ஞாபகம் வரமாட்டேங்குது?

கண்ணாடியை இரண்டு கையாலும் அடித்தேன். அசையவில்லை. கத்தினேன் என்று நினைக்கிறேன். வேன் ஆயா எங்கிருந்தோ சாவியோடு ஓடி வந்தார். கதவைத் திறந்தார். அனல் முகத்தில் அடித்தது. உள்ளே பாய்ந்தேன்.

பை. துணிப்பை. ஆயாவின் சாப்பாட்டுப் பை.

"என்னம்மா ஆச்சு? அது என் பை. முன்னாடி வச்சா பசங்க மிதிக்கறாங்க, அதான் ரெண்டு நாளா பின்னாடி வைக்கறேன். இன்னிக்கு எடுக்க மறந்துட்டேன்."

"எங்க பாப்பா?"

"எந்தப் பாப்பா? ஓ, தூங்குமூஞ்சி பாப்பாவா? இன்னிக்கு முழிச்சிட்டுத்தான் வந்துச்சு. இறக்கி விட்டேனே. நேத்துதான் தூங்கிடுச்சு."

நேற்று?

"டிரைவர் வண்டிய இங்க கொண்டாந்து போட்டதும், நான் பூட்டிட்டுப் போயிட்டேன். பாதி தூரம் போனப்புறம் பை ஞாபகம் வந்துச்சு. எடுக்க வந்தா, சீட்டுக்கடியில உருண்டு பாப்பா தூங்குது. எழுப்பி வகுப்புல கொண்டு விட்டேன். நல்லா வேர்த்திருந்துச்சு, மூஞ்சியத் தொடச்சு விட்டேன்." ஆயா இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார்.

"உங்க போன்ல என்ன வந்துச்சு அப்ப?"

"வண்டி காலின்னு வந்துச்சு. பச்சையா. அதான் பூட்டினேன்."

வேன் படியில் உட்கார்ந்தேன். ஆயா பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தார்.

வகுப்பில் பூனை நாக்கைத் துருத்திக்கொண்டு ஒரு மீனுக்குச் சிவப்பு அடித்துக்கொண்டிருந்தாள். சட்டை மஞ்சள். "சித்தி! வீட்டுக்குப் போலாமா?" என்றாள். அவள் தலையை முகர்ந்து பார்த்தேன். எல்லாக் குழந்தைகளும் என்னையே பார்த்தன.

மார்ச் 5, சாயங்காலம்

பள்ளிக்கூடத்திலிருந்து அக்காவுக்குப் புகார் போயிருக்கிறது. உங்கள் தங்கை வந்து வேனை உடைக்கப் பார்த்தார் என்று. வீட்டுக்குள் நுழைந்ததும் பிடித்துக்கொண்டாள்.

"அடுப்போட நிறுத்திக்கக் கூடாதாடி? ஸ்கூல்ல என் மானத்த வாங்கணுமா? புள்ளை வகுப்புல உக்காந்து படம் வரைஞ்சுட்டிருக்கா. நீ வேனைப் போட்டு அடிச்சுட்டிருக்கே!"

நேற்று நடந்ததைச் சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. நான்தானே தாராளமாகப் போடு என்றேன். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல எனக்குப் பயம். "நாளைக்கு நானே கொண்டுபோய் விடறேன்" என்று மட்டும் சொன்னேன்.

"என்னமோ பண்ணு" என்றாள்.

தலையும் போன் செய்தார். சொல்லாமல் ஓடியதற்குத் திட்டினார். வாடிக்கையாளர் இடத்தில் கலாட்டா. "ஒண்ணும் ஆகலையே? அப்புறம் என்ன? காலையில வா, பேசிக்கலாம்."

வேலை போய்விடும். போனால் போகட்டும் என்று எழுத வருகிறது. ஆனால் அதற்கும் பயமாகத்தான் இருக்கிறது. நாற்பது வேன்கள் திங்கட்கிழமை. அந்த நாற்பதிலும் கடைசி சீட்டில் பை வைக்கிற ஆயாவா இருக்கிறார்?

மார்ச் 6, வெள்ளி

மூன்று பேரையும் நடத்திக் கூட்டிப் போனேன். பூனை பாதி வழிக்கு மேல் என் இடுப்பில். முதுகு விண்டுபோயிற்று. ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் சுமந்தேன்.

ஆபீசில் எனக்குக் கொஞ்ச நேரம் கிடைத்தது, தலை வரும்வரை. ஃபாக்டரியைத் திறந்தேன். தாடியைக் கேட்கவில்லை. பிள்ளையைச் செய்யும்போது அம்மாவைச் செய்யாதே. முதலில் அம்மாவைச் செய், பிறகு அவளையே எல்லாப் பிள்ளைக்கும் கொடு. மாற்ற வேண்டியது அவ்வளவுதான். பிறகு எல்லாச் சோதனைக்கும் சேர்த்து ஒன்று சொன்னேன்: தனியாக எதுவும் கேட்காவிட்டால் இனிமேல் ஓர் அம்மாவுக்கு இரண்டு பிள்ளை.

தலை உள்ளே வரும்போது ஓடிக்கொண்டிருந்தது. மேலிருந்து கீழே சிவப்பு. நிற்காமல் சிவப்பு.

"என்ன பண்ணித் தொலைச்சே?" என்று கத்தினார்.

"ஒண்ணும் பண்ணல. ஒவ்வொரு அம்மாவுக்கும் இன்னொரு பிள்ளை குடுத்தேன்."

நின்றுகொண்டே பேசினேன், உட்கார்ந்தால் எழமாட்டேன் என்று தோன்றியது. நான்கு அம்மாக்களைக் காட்டினேன். வீட்டுக்கு ஒரு வரியைக் காட்டினேன். திங்கட்கிழமை ஒரே செய்தி வந்ததே, அது யாரும் யோசித்துச் செய்ததில்லை, இதனால் வந்தது என்றேன். தாடி எழுந்து வந்து நின்றான். முதலில் மறுத்தான். "கையில குடுத்தா வாங்கிக்குமே, நான்தான் எழுதினேன்" என்றான். தானே ஓட்டிப் பார்த்தான். தாடியைத் தடவவில்லை.

பிறகு ஆயா சொன்னதைச் சொன்னேன். பூட்டியது. பாதி தூரம் போனது. பை.

தலைதான் கடைசியில் மெதுவாகக் கேட்டார்: "அந்தம்மா பையை முன்னாடியே வச்சிருந்தா?"

எப்போதும் என் பயத்தைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் முகத்தில் எல்லாம் என் பயம். அது எனக்கு ஆறுதலாக இல்லை. இன்னும் அதிகமாகத்தான் பயந்தேன்.

தலை கண்ணாடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். போனில் யார் யாரிடமோ பேசினார். ஒருமுறை இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். வெளியே வந்து, "வெள்ளோட்டம் நிறுத்தியாச்சு. திங்கட்கிழமை இல்ல" என்றார். என்னைப் பார்க்காமல் தன் நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

மார்ச் 7, சனி

அக்காவிடம் சொன்னேன்.

பிள்ளைகள் கீழே விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். முதலில் நம்பவில்லை, பிறகு நம்பினாள். மடித்துக்கொண்டிருந்த சட்டை கையிலேயே நின்றது. பூனையின் சட்டைதான்.

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை. "புதன்கிழமை எனக்கு மெசேஜ் வந்துச்சு" என்றாள். "பாத்துட்டு சந்தோஷமா போனை பையில போட்டுட்டேன். அப்ப அவ உள்ளதான் இருந்திருக்கா."

கீழே ஓடினாள். செருப்புகூடப் போடவில்லை. நான் பால்கனியிலிருந்து பார்த்தேன். ஊஞ்சலில் இருந்தவளைத் தூக்கிக்கொண்டு நின்றாள். பூனை திமிறினாள், அவளுக்கு ஊஞ்சல் முறை போய்விடுமே என்ற கவலை.

மார்ச் 8, ஞாயிறு

அக்கா என்னோடு பேசவில்லை. என் தட்டில் சாப்பாடு மட்டும் வைத்தாள்.

மார்ச் 10, செவ்வாய்

எல்லாரும் சேர்ந்து திருத்திக்கொண்டிருக்கிறோம். வீட்டுக்கு ஒரு வரி போய், பிள்ளைக்கு ஒரு வரி. செய்தியும் பிள்ளைக்கு ஒன்று. வேனின் கடைசி சீட்டுக்குப் பின்னால் இன்னொரு பெட்டி. அதுவரை நடந்துபோய் ஆயா தன் கார்டைக் காட்டினால்தான் பச்சை வரும்.

தாடி இன்று தேநீர் குடிக்கும்போது சொன்னான்: "எங்க வீட்ல நான் ஒருத்தன்தான். அம்மான்னா ஒரு பிள்ளைன்னுதான் கை தானா எழுதிருக்கு. தோணவே இல்ல பாரேன்." எனக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. எனக்கும்தான் அந்தப் பச்சை போதுமாக இருந்தது.

ஃபாக்டரி இப்போது விதவிதமான வீடுகளைச் செய்கிறது. ஒரு பிள்ளை, இரட்டை, ஐந்து பிள்ளை, பிள்ளையே வேனில் வராத வீடு. நான்தான் சேர்த்துக்கொண்டே போகிறேன். இன்னும் என்னென்ன வீடுகள் எனக்குத் தோன்றாமல் இருக்கின்றனவோ என்று பயமாக இருக்கிறது. எதிரே வருகிற குடும்பத்தையெல்லாம் எண்ணிப் பார்க்கிறேன்.

மார்ச் 12, வியாழன்

அக்கா பேசினாள். "அந்த ஆயாவுக்கு ஒரு நல்ல பையா வாங்கணும்டி" என்றாள். அவ்வளவுதான். நான் குளியலறைக்குள் போய் அழுதுவிட்டு வந்தேன்.

மார்ச் 16, திங்கள்

தலை கூப்பிட்டார். போச்சு என்று நினைத்துக்கொண்டே போனேன். "இனிமே எது பச்சையா வந்தாலும் நீ ஒரு தடவை பாரு. உனக்குப் பயமா இருந்தா எங்கிட்ட வந்து சொல்லு, நான் சிரிக்க மாட்டேன்" என்றார். நிரந்தரம் செய்வதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மார்ச் 20, வெள்ளி

திங்கள் முதல் மறுபடி ஒரே ஒரு வேன். பிள்ளைகளை அனுப்பலாமா என்று அக்கா என்னிடம்தான் கேட்டாள். தாராளமாக என்று சொல்லவில்லை. "நான் பாத்தேன்க்கா. மறுபடியும் மறுபடியும் பாத்தேன். ஆனா எனக்கு இன்னும் பயமாத்தான் இருக்கு" என்றேன்.

"சரி, அப்ப அனுப்பலாம்" என்றாள்.

மார்ச் 23, திங்கள்

பிள்ளைகள் வேனில் போனார்கள். அக்கா ஆபீசுக்குத் தயாராகியும் கிளம்பாமல், போனைச் சாப்பாட்டு மேஜை நடுவில் வைத்துவிட்டு அதன் முன்னால் நின்றாள். நானும் நின்றேன்.

ஒலித்தது. முன்னால் பிறந்தவன். "ஒண்ணு" என்றாள்.

உடனே அடுத்தது. "ரெண்டு."

மூன்றாவது வரவில்லை.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள். எல்லாவற்றையும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். எதை விட்டுவிட்டேன்? பக்கத்து வீட்டில் யாரோ தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு மூடினார்கள்.

"போன் பண்ணிப் பாக்கலாமாடி? ஆயாவுக்கு?"

"பண்ணு."

அவள் போனை எடுக்கக் கை நீட்டும்போது ஒலித்தது. பூனையின் பெயர், வகுப்பு. கூடவே ஆயாவிடமிருந்து ஒரு வரி: 'தூங்கிடுச்சு, எழுப்பி இறக்கிட்டேன்.'

"மூணு" என்று அக்கா சொன்னாள். அதற்குப் பிறகு கொஞ்சநேரம் நாற்காலியில் உட்கார்ந்தாள். எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு கைப்பையை எடுத்தாள். நான் செருப்பை மாட்டினேன். இருவரும் வாசலுக்கு வந்தோம். சாவியைப் பூட்டில் வைத்தவள் அப்படியே நின்றாள்.

"ஏண்டி, அடுப்பை ஒரு தடவை பாத்துட்டு வந்துடறியா?"

போய்ப் பார்த்தேன். மூடித்தான் இருந்தது.